ஒண்டாச்சி: ஒரு குடும்பப்பெயரின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் ஆடி அமாவாசையன்று, காலஞ்சென்ற என் தந்தையாருக்குப் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குச் சென்றிருந்தேன். தருப்பையைக் கையிற் கொடுத்த குருக்கள் ஐயா, "தகப்பனார் பேர்?" என்று கேட்டார். சொன்னேன். "பேரனார் பேர்?" அதுவும் சொன்னேன். "பூட்டனார் பேர்?" என்றார். வாய் திறக்க முடியவில்லை. அருகே நின்ற பெரியையாதான் குரல் கொடுத்து என்னைக் காப்பாற்றினார். வீடு திரும்பும் வழியில் அவர், "தம்பி, நான் இருக்கும்வரை உனக்கு மூன்று பேர் உண்டு. எனக்குப் பிறகு இரண்டுதான்" என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ அன்று முழுவதும் அச்சொல் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இச்சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு குடும்பப்பெயரின் வரலாற்றை எழுத முற்பட்டமைக்கு அந்த நாளே காரணம். நான் எடுத்துக்கொண்ட பெயர் நம் ஊர்ப் பெயரன்று. நம் சமயத்தவரின் பெயருமன்று. ஆயினும் அது தமிழ்ப் பெயர். முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அழியாமல் நின்ற பெயர். அப்பெயர் எங்ஙனம் நிலைத்தது என்பதை அறிந்தால், நம்முடைய பெயர்கள் ஏன் மூன்றாந் தலைமுறையிலேயே மறைந்துவிடுகின்றன என்பதும் விளங்கும்.

தமிழருக்குக் குடும்பப்பெயர் உண்டா?

மேனாட்டார் கருதும் பொருளிலே தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை என்றே சொல்லவேண்டும். தந்தையின் பெயரை முதலெழுத்தாக இட்டு, அதன்பின் தம் பெயரை எழுதுவதே நம் வழக்கு. மகன் தலையெடுத்தவுடன் அவனுக்கு முதலெழுத்தாவது தந்தையின் பெயர். பேரனாரின் பெயர் ஏட்டிலிருந்து நீங்கிவிடுகின்றது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்திய ஒரு தலைமுறையை மட்டுமே சுமந்து செல்கின்றது. இது குறையென்று நான் கூறவில்லை. ஒவ்வொருவருக்கும் தம் சொந்தப் பெயரே முதன்மையாக நிற்பது இவ்வழக்கின் சிறப்பு. ஆனால் பழையதை நினைவில் வைக்கும் பொறுப்பு இதனாலே பெயரிலிருந்து நீங்கி, முதியோரின் நாவிலே தங்கிவிடுகின்றது.

இதற்கு விலக்காக, தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரைத் தாங்கிவரும் தமிழ் வழிக் குடும்பங்கள் சில இலங்கையில் உண்டு. அவர்களுட் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர் கொழும்புச் செட்டிகள். காசிச்செட்டி, கந்தப்பா, அசரப்பா என்பன அச்சமூகத்தார் குடும்பப்பெயர்களாகக் கொண்டவை. 'தமிழ் புளூராக்' என்னும் நூலை 1859ஆம் ஆண்டில் வெளியிட்டுத் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் முதன்முதலாகத் தொகுத்தளித்த சைமன் காசிச்செட்டி (1807–1860) அவ்வழியில் வந்தவரே. அச்சமூகத்தோடு சேர்த்து எண்ணப்படும் பெயர்களுள் மிக அரிதானது ஒண்டாச்சி என்பது.

தஞ்சையிலிருந்து வந்த வைத்தியர்

1656ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இரண்டாண்டு கழித்து, 1658இல், யாழ்ப்பாணமும் மன்னாரும் அவர் வசமாயின. அதே ஆண்டில் அக்கரையிலே தூத்துக்குடியும் நாகபட்டினமும் அவர் கைக்கு வந்தன. இங்ஙனம் பாக்குநீரிணையின் இரு கரைகளும் ஒரே கொடியின் கீழ் வந்தமையால், சோழமண்டலக் கரைக்கும் கொழும்புக்கும் இடையே கப்பற் போக்குவரத்து மிகுந்தது. தஞ்சாவூரில் அப்பொழுது விசயராகவ நாயக்கரின் ஆட்சி நடைபெற்றது.

அந்நாளில் ஒல்லாந்தரின் இலங்கைத் தேசாதிபதியாக இருந்தவர் அட்றியான் வன் டெர் மெய்டன். அவருடைய மனைவியார் நோயுற்றார் என்றும், அவருக்கு மருந்து செய்யத் தஞ்சாவூரிலிருந்து தமிழ் வைத்தியர் ஒருவர் 1659ஆம் ஆண்டு கொழும்புக்கு அழைக்கப்பட்டார் என்றும் அக்குடும்பத்தின் வம்சாவளிக் குறிப்புகள் கூறுகின்றன. நோய் தீர்ந்தது. வைத்தியர் திரும்பிப் போகவில்லை. கொழும்பிலேயே தங்கி, ஒல்லாந்தரின் சமயத்தைத் தழுவி, மைக்கேல் யூரியான் என்னும் ஞானஸ்நானப் பெயரையும் பெற்றார். தம்முடைய பழைய பெயரை அவர் விட்டுவிடவில்லை. அப்பெயரே ஒண்டாச்சி.

ஐரோப்பியர் வெப்பநாட்டு நோய்களுக்கு மருந்தறியாது தவித்த காலம் அது. ஆகவே கோட்டைக்குள் தேசாதிபதியின் வீட்டுக்கு மூலிகை கட்டிய ஒரு தமிழ் வைத்தியர் அழைக்கப்பட்டது வியப்பன்று. அவர் கைராசியால் ஒரு குடும்பம் கடல்தாண்டி வேரூன்றியது என்பதே நாம் கருதத்தக்கது.

போஞ்சிக்காய் தரும் சான்று

ஆங்கிலத்தில் இப்பெயரை எழுதும்போது ஒல்லாந்த எழுத்துமுறையே இன்றும் கையாளப்படுகின்றது. அதைக் கண்ணாற் பார்ப்பவர் இஃது ஐரோப்பியப் பெயர் என்றே மயங்குவர். 'ஆ' என்னும் நெடிலை இரண்டு எழுத்தால் எழுதுவது ஒல்லாந்தர் வழக்கம். ஈற்றிலே வரும் 'ச்சி' என்னும் ஒலிக்கு அவர்கள் தங்கள் மொழியில் உள்ள ஒரு விகுதியின் எழுத்துகளை இட்டனர். அவ்விகுதி அவர்கள் மொழியிலே சிறுமைப் பொருளைத் தருவது. சிறிய பொருளையும் செல்லமாகச் சொல்லும் பொருளையும் அது குறிக்கும்.

இதற்குச் சான்று வேண்டின் நம் வீட்டு அடுக்களைக்கே செல்லலாம். நாம் நாள்தோறும் கறியாக்கும் போஞ்சி என்னும் காயின் பெயர் ஒல்லாந்தச் சொல். 'சிறிய அவரை' என்று பொருள்படும் அவர்களுடைய சொல்லின் ஈற்றில் அந்தச் சிறுமை விகுதியே நிற்கின்றது. அவர் வாயில் அது ஒலித்த விதத்தைக் கேட்ட நம் முன்னோர், 'ஞ்சி' என்று முடித்துத் தம் சொல்லாக்கிக்கொண்டனர். கந்தோர் என்பதும் இவ்வாறு அவர்களிடமிருந்து வந்ததே. அவர்கள் சொல்லை நாம் போஞ்சி என்று கொண்டதுபோல, நம் சொல்லின் 'ச்சி'யை அவர்கள் தம் விகுதியால் எழுதிக்கொண்டார்கள். தோற்றத்தில் அது ஒல்லாந்தமாயிற்று. ஒலியில் தமிழாகவே நின்றது. இலங்கையில் அப்பெயரை வாசிப்பவர் இன்றும் ஒண்டாச்சி என்றே உச்சரிக்கின்றனர். எழுதியவனின் கை மாறியது. அழைத்தவரின் நா மாறவில்லை.

பெயரை நிலைநிறுத்திய பதிவேடு

தஞ்சாவூரிலேயே அவ்வைத்தியர் வாழ்ந்திருந்தால் அவருடைய மகன் தந்தையின் பெயரைச் சார்த்தித் தன் பெயரை எழுதியிருப்பான். பேரன் காலத்தில் அதுவும் போயிருக்கும். கொழும்பில் நடந்தது வேறு. ஒல்லாந்தர் எதையும் எழுத்தில் வைப்பவர். காணிக்குத் தோம்பு எழுதினர்; பாடசாலைதோறும் தோம்பு எழுதினர்; பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றைத் தேவாலயத்திற் பதிந்தனர். 1757இல் பிரதிட்டை செய்யப்பெற்ற கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்தில் அத்தகைய பழைய ஏடுகள் பேணப்பட்டு வந்துள்ளன. பதிவேட்டில் தந்தைக்கு எழுதிய பெயரை மகனுக்கும் எழுதுவது ஒல்லாந்தக் கணக்கரின் முறை. அம்முறையிலே ஒருவரின் பெயர் ஒரு குடியின் பெயராயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அந்தப் பதிவேடு அன்போடு திறக்கப்பட்ட ஏடன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகம் பெறுவதற்கும் உரிமை பெறுவதற்கும் அவர்தம் திருச்சபையிற் பெயர் பதிவு பெறுதல் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலே நம் முன்னோர் பலர் ஏட்டிலே ஒரு பெயரும் வீட்டிலே ஒரு பெயருமாக வாழ்ந்தது இக்காரணத்தாலேதான். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிவுற்றதும் அவர்களுட் பெரும்பாலோர் ஏட்டுப் பெயரை உதறிவிட்டு வெளிப்படையாகக் கோயிலுக்குச் சென்றனர். ஒண்டாச்சி குடும்பத்தார் புதிய சமயத்தில் நிலைத்தனர். பழைய பெயரையும் விடாது காத்தனர். இரண்டையும் வரலாறு என்று கொள்வதே நமக்கு அழகு.

அப்பெயரைத் தாங்கியோர்

வைத்தியரின் வழிவந்தோர் மருத்துவத்திலும் சமயப் பணியிலும் ஈடுபட்டனர். அவர்களுள் வில்லம் யூரியான் ஒண்டாச்சி ஒல்லாந்து சென்று சமயக் கல்வி கற்றுத் திரும்பிக் கொழும்பிலே போதகராக விளங்கினார். அங்கே அவர் மணந்த ஒல்லாந்தப் பெண்மணியின் குடும்பப்பெயர் குவின்ற் என்பது. அவர்களுக்கு 1758ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த மைந்தன், தாயின் குடும்பப்பெயரையும் தந்தையின் குடும்பப்பெயரையும் சேர்த்துக் குவின்ற் ஒண்டாச்சி என வழங்கப்பெற்றான்.

இவ்விளைஞனின் சரித்திரம் நம் இளைஞர் படிக்கத்தக்கது. பதினைந்து வயதளவில் கல்வியின்பொருட்டு ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்ட அவன் உத்திரெக்ற் நகரப் பல்கலைக்கழகத்திற் பயின்றான். அக்காலத்தில் அந்நாட்டு நகரசபைகளில் சில செல்வக் குடும்பங்களே வழிவழியாக ஆசனம் பெற்றிருந்தன. சபையினரைக் குடிமக்களே தெரிந்தெடுத்தல் வேண்டும் என்று எழுந்த தேசாபிமானிகள் இயக்கத்தில் உத்திரெக்ற் நகரத் தலைவர்களுள் ஒருவனாக நின்றவன் கொழும்பிற் பிறந்த இந்த ஒண்டாச்சியே. 1786இல் அந்நகரின் பழைய சபை நீங்கிக் குடிமக்கள் தெரிந்த சபை அமைந்தது. பிரான்சியப் புரட்சிக்கு மூன்றாண்டு முந்திய செய்தி இது! 1787இல் பிரசியப் படை புகுந்து அவ்வியக்கத்தை அடக்கவே, அவன் நாடுவிட்டோடிப் பிரான்சிலே தங்கினான். 1795இல் பழைய ஆட்சி வீழ்ந்தபின் திரும்பினான். முதுமையில் நீதி உத்தியோகம் ஏற்றுப் பத்தாவியாவுக்குச் சென்று, 1818இல் அங்கே காலமானான். தஞ்சை வைத்தியரின் குலக்கொழுந்து ஒன்று கொழும்பில் முளைத்து, ஐரோப்பாவிலே கிளைத்து, யாவாத் தீவிலே உதிர்ந்தது.

இலங்கையில் இருந்தோரும் பெயர் விளங்க வாழ்ந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில், கொழும்பு ஜிந்துப்பிட்டியிலே தமிழ்க் கிறித்தவருக்கெனப் பரிசுத்த தோமையார் தேவாலயம் எழுந்தது. அக்காலத்தில் தமிழ் மக்களிடையே சமயப் பணியும் மொழிபெயர்ப்பும் செய்தோருள் ஒண்டாச்சிகள் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அரசாங்க வைத்தியராக இருந்த வில்லியம் ஒண்டாச்சி, இலங்கைத் தாவரங்களை ஆராய்ந்து எழுதியதோடு பேராதனைப் பூங்காவின் பொறுப்பையும் சில காலம் ஏற்றிருந்தார். மூலிகை அறிந்த முன்னோனின் வழியில் தாவரம் அறிந்த ஒருவர் தோன்றியது பொருத்தமே.

நம் காலத்தில் இப்பெயரை உலகறியச் செய்தவர் 1943இல் கொழும்பிற் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி. சிறு வயதிலே 1954இல் இங்கிலாந்து சென்று, 1962இல் கனடாவிற் குடியேறியவர். அவர் எழுதிய 'இங்கிலிஷ் பேஷன்ற்' என்னும் நாவல் 1992இல் புக்கர் பரிசின் ஒரு பாதியைப் பெற்றது. அப்பரிசின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2018இல் வழங்கப்பட்ட பொற்பரிசும் அந்நாவலுக்கே கிடைத்தது. புக்கர் பணத்தைக் கொண்டு இலங்கை எழுத்தாளருக்காக அவர் நிறுவிய பரிசுக்கு இட்ட பெயர் 'கிரேஷன்'. அது அவருடைய தாயாரின் குடும்பப்பெயர். 1982இல் வெளிவந்த தம் குடும்பச் சரித்திர நூலில், கொழும்பிலுள்ள பழைய தேவாலயத்தின் தரைக்கல்லிலே தம் பெயர் பொறிக்கப்பட்டிருக்கக் கண்டதையும், பழைய பதிவேடுகளைப் புரட்டியதையும் அவர் விவரிக்கின்றார். கனடாவிலிருந்து திரும்பி வந்தவருக்கு முன்னோரைக் காட்ட ஒரு கல்லும் ஓர் ஏடும் காத்திருந்தன.

இப்பெயர் ஏன் அரிதாயிற்று?

பெரேரா, பெர்னாந்து, டி சில்வா ஆகிய பெயர்களை இலங்கையில் எங்கும் காண்கிறோம். அவற்றைத் தாங்குவோரெல்லாம் ஒரு குலத்தவரல்லர். போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றோர் ஆயிரக்கணக்கில் அப்பெயர்களை ஏற்றமையால், தொடக்கத்திலேயே அவை பல வேர்கள் உடையனவாயின. ஒண்டாச்சி என்பது யாரும் கொடுத்த பெயரன்று. ஒருவர் கொண்டுவந்த பெயர். அதற்கு ஒரு வேரே உண்டு. ஆகவே பிறந்த பிள்ளைகளால் மட்டுமே அது பெருக முடிந்தது.

அப்பெருக்கத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. குடும்பப்பெயர் ஆண்மக்கள் வழியே இறங்குவது. புதல்வியர் மணமாகிப் போனதும் வேறு பெயர் கொள்வர். தலைமுறை ஒன்றுக்கு முப்பது ஆண்டென்று கொண்டால் 1659 முதல் இன்றுவரை பன்னிரண்டு தலைமுறை. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆண்மக்கள் தப்பாது வாழ்ந்து மக்களைப் பெற்றிருந்தால், பன்னிரண்டாந் தலைமுறையில் 4,096 ஆண்மக்கள் இருத்தல்வேண்டும். உண்மை வாழ்வில் அங்ஙனம் நிகழ்வதில்லை. பிள்ளைகள் இளமையில் மாண்டனர், சிலருக்குப் பெண்மக்களே பிறந்தனர், சிலர் மணஞ்செய்யாதிருந்தனர். அவ்வகையிலெல்லாம் கிளைகள் முடிந்தன. எனவே தஞ்சை வைத்தியரின் இரத்தம் ஓடும் குடும்பங்கள் பல இருக்கலாம். அவர் பெயர் ஓடும் குடும்பங்கள் சிலவே.

மக்கள்தொகைக் கணக்கிலே இவர்களை எங்கே வைப்பது என்பதும் சுவையான கேள்வி. கொழும்புச் செட்டிகள் 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் தனிச் சமூகமாகக் கொள்ளப்பட்டனர். 2012ஆம் ஆண்டு மதிப்பின்படி இலங்கையின் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் அவர்கள் தொகை ஐயாயிரத்துக்குச் சற்று மேல். பறங்கியர் தொகை நாற்பதினாயிரத்துக்கும் குறைவு. ஒண்டாச்சி குடும்பத்தார் பறங்கியரோடு மிகுதியும் மணவுறவு கொண்டமையால் உலகம் அவர்களைப் பறங்கியர் என்றே கருதும். பறங்கியர் என்னும் பெயருக்கோ தந்தைவழி ஐரோப்பியராதல் வேண்டும் என்பது பழைய இலக்கணம். இக்குடும்பத்தின் தந்தைவழியை ஏறிச்சென்று பார்த்தால் உச்சியில் நிற்பவர் தஞ்சாவூர்த் தமிழர்! கணக்கெடுப்போன் இடும் கட்டங்கள் எத்துணைக் குறுகியவை என்பதை இந்த ஒரு பெயரே உணர்த்தும்.

1948இல் நாடு சுதந்திரம் பெற்றபின்பும், சிறப்பாக 1956இல் அரசகருமமொழிச் சட்டம் வந்தபின்பும், பறங்கியரும் அவரோடு கலந்த குடும்பத்தாரும் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்றனர். ஒண்டாச்சி என்னும் பெயரும் அவர்களோடு கப்பலேறியது. இலங்கையில் ஏற்கெனவே அருகியிருந்த பெயர் மேலும் அருகியது.

நமக்கு ஒரு சொல்

அன்பார்ந்த இளைஞர்களே! அக்குடும்பத்தார் கப்பலேறிய அதே வழியில் அதன்பின் நம்மவர் பல்லாயிரவர் சென்றுவிட்டனர். உங்கள் அண்ணன்மாரும் மாமன்மாரும் இன்று வேற்று நாடுகளில் இருக்கின்றனர். அந்நாட்டுப் பத்திரங்களில் குடும்பப்பெயர் என்னும் கட்டத்தை நிரப்பத் தந்தையின் பெயரையே எழுதியுள்ளனர். அவர்தம் பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப்பெயராய் இறங்குகின்றது. கொழும்பிலே 1659இல் ஒரு வைத்தியருக்கு நிகழ்ந்ததே ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இன்று நம்மவருக்கு நிகழ்கின்றது. இனி முந்நூறு ஆண்டு கழித்து ஒருவன் அப்பெயரின் வேரைத் தேடுவான். அவனுக்கு நாம் எதை வைத்திருக்கப் போகின்றோம்?

நம்மிடம் ஏடுகள் இல்லாமலில்லை. காணி உறுதிகளில் முதுசமும் சீதனமும் இறங்கிய வழியிலே முன்னோர் பெயர்கள் கிடக்கின்றன. சாதக ஓலைகளில் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் உண்டு. முப்பத்தோராம் நாள் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டுகளில் வம்சாவளி உண்டு. போரில் வீடிழந்து ஊரிழந்து அலைந்த ஆண்டுகளில் இவற்றுட் பல எரிந்தன, பல தொலைந்தன. எஞ்சியவை பெட்டகத்தின் அடியிலும் முதியோர் நினைவிலும் மட்டுமே உள்ளன.

பெரியோர்களே! பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராதீர்கள்; அழைத்துச் சொல்லுங்கள். இளைஞர்களே! பெரியோர் சொல்லும்வரை காத்திராதீர்கள், சென்று கேளுங்கள். தாய்வழி, தந்தைவழி ஆகிய இரண்டையும் எழுதுங்கள். புதல்வியர் பெயரை விடாது எழுதுங்கள். குடும்பப்பெயர் அவர்களைத்தான் முதலில் மறக்கின்றது.

கீரிமலையிலிருந்து வந்த அன்றிரவே நான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பெரியையாவின் சாய்மனைக்கதிரை அருகே அமர்ந்தேன். பூட்டனாருக்கு அப்பால் மேலும் இரண்டு பெயர்களை அவர் சொன்னார். அடுத்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு அவர் இல்லை. குருக்கள் ஐயா கேட்டார். மூன்று பெயரையும் நானே சொன்னேன். நான்காவதாக, பெரியையாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.